இராமாயணமும் மகாபாரதமும் இன்றைய எழுத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதிகாசங்களை இன்றைய எழுத்தாளர்கள் நாவலாக, சிறுகதையாக, நாடகமாக மறுபடி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அவற்றைப் படிக்க நினைப்பவர்களும், படித்துவிட்டுக் குழம்புகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதில்களில் என் விருப்பங்களும் கலந்திருக்கின்றன.

வியாசரும் வால்மீகியும் சொல்லிவிட்ட கதையை இன்னொருவர் ஏன் எழுத வேண்டும்?

நாம் இந்தக் கதைகளை முதலில் கேட்டதே யாரோ மறுபடி சொன்னதால்தான். பாட்டி சொல்லியிருப்பார், கோயிலில் பிரசங்கம் செய்தவர் சொல்லியிருப்பார், கூத்தில் பார்த்திருப்போம். சமஸ்கிருத மூலத்தை நேராகப் படித்து மகாபாரதத்துக்குள் நுழைந்த தமிழர்கள் எந்தக் காலத்திலும் கொஞ்சம் பேர்தான்.

தமிழில் இது மிகப் பழைய வழக்கம். சங்கத் தொகை நூல்கள் பலவற்றுக்குக் கடவுள் வாழ்த்து எழுதியவர் 'பாரதம் பாடிய பெருந்தேவனார்' என்றே அறியப்படுகிறார். ஒன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், இன்னொரு பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். அப்புறம் வில்லிபுத்தூரார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பாடினார். 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை அதை இன்னும் விரித்துப் பாடினார். முன்னவர் பாடிவிட்டாரே என்று யாரும் ஓய்ந்துவிடவில்லை. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை 1912-ல் வெளியிட்ட பாரதி, எளிய சொல்லும் எளிய நடையும் பொதுமக்களுக்குப் பிடித்த மெட்டும் உள்ள காவியம் தன் காலத்துக்குத் தேவை என்று முன்னுரையிலேயே காரணம் சொன்னார். இன்று கதை கேட்கும் பழக்கம் பெரும்பாலும் நாவலுக்குப் போய்விட்டது. அதனால் பாரதமும் நாவலுக்குள் வருகிறது.

மூலத்தை மாற்றுவது தவறில்லையா?

எது மூலம் என்பதே முதலில் தெளிவாக வேண்டும். மகாபாரதம் பல நூற்றாண்டுகளாக, பல லிபிகளில், ஊருக்கு ஊர் வேறுபட்ட சுவடிகளாக வாழ்ந்த நூல். புனேயில் உள்ள பண்டார்கர் ஆய்வு நிறுவனம் 1919-ல் இந்த வேறுபாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைத் தொடங்கியது. 1,259 சுவடிகளை எடுத்துக்கொண்டு, வரிவரியாக ஒப்பிட்டு, 1966-ல்தான் செம்பதிப்பை முடித்தார்கள். மரபாக மகாபாரதத்துக்கு ஒரு லட்சம் சுலோகம் என்போம். செம்பதிப்பில் அதைவிடக் கணிசமாகக் குறைவு. பல சுவடிகளில் இல்லாத பகுதிகளை அடிக்குறிப்புக்கும் பின்னிணைப்புக்கும் நகர்த்திவிட்டார்கள். விநாயகர் தந்தத்தை ஒடித்து எழுதிய கதைகூட அப்படி வெளியே போனதுதான்.

அரைநூற்றாண்டு உழைத்த அந்த அறிஞர்களும் தங்கள் பதிப்பு வியாசரின் கையெழுத்துப் பிரதி என்று சொல்லவில்லை. சுவடிகளை வைத்து எட்ட முடிந்த மிகப் பழைய வடிவம் என்றுதான் சொன்னார்கள். அதனால் ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொண்டு 'இது மூலத்தில் இல்லையே' என்று கேட்பது நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை நாம் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும் காட்சிகளிடமும் கேட்க வேண்டும்.

நமக்கு நன்றாகத் தெரிந்த காட்சிகளில் மூலத்தில் இல்லாதவையும் உண்டா?

நிறைய உண்டு. சீதையைச் சுற்றி இலக்குவன் கோடு கிழிப்பது வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. அணை கட்ட உதவிய அணில் வால்மீகியில் இல்லை. ஆனால் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில், நீரில் மூழ்கி மணலில் புரண்டு ஓடுகிற அந்த அணில் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த சேர்க்கை அது.

மாய மண்டபத்தில் துரியோதனன் தடுமாறி விழ, திரௌபதி மாடத்தில் நின்று 'குருடன் மகனும் குருடன்' என்று சிரித்ததால்தான் போர் வந்தது என்று பலரும் நம்புகிறார்கள். செம்பதிப்பில் அந்தச் சொல் இல்லை. அவன் விழுந்தபோது சிரிப்பவர்கள் பீமனும் மற்றவர்களும்தான். திரௌபதியும் பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்பதைத் துரியோதனன் பிறகு தந்தையிடம் புலம்பும்போது சொல்கிறான். ஒரு பெண்ணின் நாக்கால் குலமே அழிந்தது என்று சொல்லிக்கொள்ள யாருக்கோ வசதியாக இருந்திருக்கிறது.

தமிழுக்கே உரிய சேர்க்கைகளும் பல. துரியோதனன் மனைவியின் மேகலை அறுந்து மணிகள் சிதறியதும் அவன் சந்தேகம் இல்லாமல் கர்ணனிடம் 'எடுக்கவோ கோக்கவோ' என்று கேட்பது வில்லிபுத்தூரார் தந்தது. சாகும் நேரத்தில் கர்ணன் தன் புண்ணியத்தையெல்லாம் தாரை வார்ப்பதும் அவர் தந்ததே. களப்பலியாகும் அரவான், வியாசரில் போரின் எட்டாம் நாளில் சண்டையிட்டுச் சாகிறான். தமிழ் மரபு அவனைக் களப்பலி வீரனாக்கி, கூவாகத்தில் சித்திரைதோறும் திருவிழாவும் எடுக்கிறது. மதுரையை ஆண்ட அல்லி அர்ச்சுனனை மணந்த கதையை வடமொழியில் தேடினால் கிடைக்காது.

அப்படியானால் யார் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றலாம். ஆனால் மாற்றத்துக்கான காரணம் கதைக்குள் இருக்க வேண்டும். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தொடாமல், குடிசை நின்ற நிலத்தையே பெயர்த்து எடுக்கிறான். தொடக்கூடாது என்பதற்கு அவன் மேலிருந்த சாபத்தைக் கம்பன் காரணமாகக் காட்டுகிறான். 'எடுக்கவோ கோக்கவோ'வும் அப்படித்தான். கர்ணன் ஏன் துரியோதனனை விட்டுப் போகவில்லை என்ற பெரிய கேள்விக்கு வில்லி ஒரு சின்னக் காட்சியில் பதில் சொல்லிவிடுகிறார்.

ஒரு மறுஆக்கம் நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அது தன் நாயகனின் கடினமான இடத்தை எப்படி எதிர்கொள்கிறது? கர்ணனை நாயகனாக்கும் நாவலை எடுத்தால் நேராகச் சபைக் காட்சிக்குப் போவேன். வியாசரில் திரௌபதியை மிக இழிவான சொல்லால் பேசுகிறவன் கர்ணன். அவள் ஆடையைக் களையச் சொல்பவனும் அவனே. கர்ணனின் கொடையையும் குலத்தால் பட்ட அவமானத்தையும் பக்கம் பக்கமாக உருகி எழுதிவிட்டு இந்த இடத்தில் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் நாவலை என்னால் நம்ப முடிவதில்லை. வியாசரே அந்த இடத்தைத் தாண்டிப் போகவில்லை. போருக்கு முன் கிருஷ்ணனிடம் பேசும்போது, பாண்டவர்களைக் கடுஞ்சொல் சொன்னதற்காக இப்போது வருந்துகிறேன் என்று கர்ணனைச் சொல்ல வைக்கிறார். அந்தச் சொல்லும் வேண்டும், அந்த வருத்தமும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அவன் கர்ணன்.

இராமனுக்கு வாலி வதமும் தீக்குளிப்பும் இப்படிப்பட்ட இடங்கள். இராமனைக் கடவுளாகவே பாடிய கம்பன், மறைந்து நின்று அம்பெய்ததற்காக வாலி இராமனைக் கேள்விமேல் கேள்வி கேட்க எத்தனை பாடல்களை ஒதுக்கினான் என்று பாருங்கள். தருமனுக்கு 'அசுவத்தாமன் இறந்தான்' என்ற பொய். பீஷ்மருக்குச் சபையில் அவர் காத்த மௌனம். மறுஆக்கம் எந்தக் கோணத்தில் எழுதப்பட்டாலும் சரி, இந்த இடங்களுக்கு அது கொடுக்கும் பதிலில்தான் ஆசிரியரின் தரம் தெரியும்.

இராவணனையும் துரியோதனனையும் நாயகர்களாக்குவது ஒரு புதிய மோகம்தானே?

புதியதில்லை. புலவர் குழந்தை 1946-ல் எழுதிய இராவண காவியம் இராவணனைத் தமிழ்த் தலைவனாக நிறுத்தி, மரபான செய்யுளில், காண்டம் காண்டமாகப் பாடிய முழுக் காப்பியம். அரசு 1948-ல் அதைத் தடை செய்தது. 1971-ல்தான் தடை நீங்கியது. அதன் அரசியலோடு உடன்படாதவர்கள்கூட அந்தச் செய்யுளின் வலுவை ஒப்புக்கொள்வார்கள்.

இன்று வரும் பல நூல்களில் என் குறை வேறு. வில்லனை நல்லவனாக்க, நல்லவனை வில்லனாக்குவது மட்டும் போதும் என்று நினைக்கிறார்கள். அப்போது பழைய கதையின் பாத்திரங்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், புதிதாக எதுவும் தெரியாது.

பெண்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவற்றில் எதைப் படிக்கலாம்?

புதுமைப்பித்தனின் சாபவிமோசனத்திலிருந்து தொடங்குங்கள். 1940-களில் வந்த சிறுகதை. ஒரே அமர்வில் படித்துவிடலாம், ஆனால் அது அத்தனை சீக்கிரம் உங்களை விடாது.

வால்மீகியில் வந்திருப்பவன் இந்திரன் என்று அகலிகைக்குத் தெரியும். அவள் கல்லாவதும் இல்லை, யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள். கம்பனில் பாதியில் உணர்கிறாள், உணர்ந்த பின்னும் விலகவில்லை, கல்லாகிறாள். புதுமைப்பித்தன் இந்த விவாதத்துக்குள் போகவே இல்லை. சாபம் நீங்கிய பிறகு அந்தக் கணவனும் மனைவியும் எப்படிச் சேர்ந்து வாழ்வார்கள் என்று கேட்கிறார். மன்னிப்பு கிடைத்துவிட்டது, ஆனால் எதுவும் பழையபடி இல்லை. வனவாசம் முடிந்து வரும் சீதையிடமிருந்து தீக்குளித்த கதையைக் கேட்கிறாள் அகலிகை. தன்னை மன்னித்த இராமன் தன் மனைவியிடம் அப்படி நடந்துகொண்டானா என்று அவளால் தாங்க முடியவில்லை. மறுபடி கல்லாகிறாள். இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதை நான் பொருட்படுத்தவில்லை என்ற பொருளில் கதையின் தொடக்கத்திலேயே அவர் குறிப்பும் எழுதிவைத்தார்.

எம். வி. வெங்கட்ராமின் நித்யகன்னியையும் விட்டுவிடாதீர்கள். உத்தியோக பருவத்தில் ஒரு கிளைக்கதையாக வரும் மாதவியைப் பற்றிய நாவல். காலவ முனிவன் குருதட்சிணையாகத் தர வேண்டிய எண்ணூறு குதிரைகளுக்காக, யயாதி தன் மகளைக் கொடுக்கிறான். அவள் ஓர் அரசனிடமிருந்து இன்னோர் அரசனிடம் போகிறாள். ஒவ்வொருவருக்கும் ஒரு மகனைப் பெற்றுக் கொடுத்துவிட்டு, பெற்ற வரத்தால் மீண்டும் கன்னியாகி அடுத்தவனிடம் போகிறாள். மூலத்தில் இது பிடிவாதத்தின் கேட்டைத் துரியோதனனுக்குச் சொல்ல வரும் கதை. மாதவியின் மனதில் என்ன இருந்தது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. வெங்கட்ராம் அதைத்தான் எழுதினார்.

சீதையை வேறொரு வெளிச்சத்தில் காட்டுகிற அம்பையின் 'அடவி' என்ற கதையையும் தேடிப் படியுங்கள்.

எதுவுமே தெரியாதவர் எங்கே தொடங்குவது?

முதலில் கதை முழுதாகத் தெரிய வேண்டும். அதற்கு ராஜாஜியின் வியாசர் விருந்தும் சக்கரவர்த்தித் திருமகனும் இன்றும் சரியான வாசல்கள். இரண்டாவது நூலுக்கு 1958-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. வாக்கியங்கள் சின்னவை, கதை தடங்கலில்லாமல் ஓடும். ராஜாஜி இடையிடையே அறிவுரை சொல்வார், அது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அதற்காக அவரைத் தவிர்க்காதீர்கள். கதையின் எலும்புக்கூடு தெரியாமல் நவீன நாவலுக்குள் போனால், ஆசிரியர் எதை மாற்றினார் என்பதே தெரியாது, பாதி சுவை போய்விடும்.

அப்புறம் பாஞ்சாலி சபதம். தன் நூலைப் பெரும்பாலும் வியாசர் பாரதத்தின் மொழிபெயர்ப்பாகவே கருதலாம் என்று பாரதியே சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னவர், சபையில் நிற்கும் திரௌபதியை அடிமைப்பட்ட நாட்டின் உருவமாகவே ஆக்கிவிட்டார். அதற்கும் பிறகு நாவல்களுக்குப் போகலாம். எஸ். ராமகிருஷ்ணனின் உபபாண்டவம் ஒரே நூலில் முடிந்துவிடும், நவீன நடைக்குப் பழகவும் உதவும்.

வெண்முரசு இருபத்தாறு நாவல்களாமே, படித்து முடிக்க முடியுமா?

முடித்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் எழுதியது அது. உலக மொழிகளில் இத்தனை பெரிய அளவில் ஒருவர் தனியாக எழுதி முடித்த நாவல் தொடர்கள் மிக அரிது.

முதல் நாவல் முதற்கனலிலிருந்து வரிசையாகப் படிப்பதே நல்லது என்பது என் எண்ணம். பீஷ்மரும் அம்பையும் அதில் வருகிறார்கள், பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் விதை அங்கே இருக்கிறது. அடுத்து வரும் மழைப்பாடலில் குந்தியும் காந்தாரியும் அரசியல் அறிந்த பெண்களாக எழுந்து வருவதைப் பார்த்தபின் நிறுத்துவது கடினம். கர்ணன் மேல் தனிப் பிரியம் இருந்தால் வெய்யோனை மட்டும் எடுத்துப் படித்தும் பார்க்கலாம். நான்காவதான நீலம் ராதையின் வழியாகக் கண்ணனைச் சொல்வது, உரைநடை முழுவதும் கவிதையாக நகரும். அங்கே தடுக்கி நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அப்படி நின்றால் அடுத்த நாவலுக்குப் போய்விட்டு, மனம் வரும்போது நீலத்துக்குத் திரும்புங்கள்.

தூய தமிழ்ச் சொற்கள் அதிகம் என்பார்கள். முதல் நூறு பக்கம் அது உண்மைதான். அப்புறம் காது பழகிவிடும்.

பிற மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்தவை?

கன்னடத்தில் பைரப்பா எழுதிய பர்வா, பாவண்ணன் மொழிபெயர்ப்பில் 'பருவம்' ஆக வந்திருக்கிறது. மலையாளத்தில் எம். டி. வாசுதேவன் நாயர் 1984-ல் எழுதிய ரண்டாமூழம், குறிஞ்சிவேலன் மொழிபெயர்ப்பில் 'இரண்டாம் இடம்'. காண்டேகரின் யயாதியைக் கா. ஸ்ரீ. ஸ்ரீ. மராத்தியிலிருந்து தந்திருக்கிறார்.

தெய்வ அற்புதங்களையெல்லாம் நீக்கிவிட்டால் அது இதிகாசமாகுமா?

பருவமும் இரண்டாம் இடமும் அப்படித்தான் எழுதப்பட்டவை. பருவத்தில் வரமும் சாபமும் இல்லை. போருக்குப் போகிறவர்களின் வியர்வை, உணவுத் தட்டுப்பாடு, களத்தில் எழும் நாற்றம் எல்லாம் இருக்கின்றன. இரண்டாம் இடத்தில் பீமன் வாயுவின் மகன் இல்லை என்பது நாவலின் முடிவில் குந்தி வாயால் தெரியவருகிறது. வாழ்நாள் முழுவதும் அண்ணனுக்குப் பின்னால் நின்றவனுக்கு, கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த பெருமையும் போய்விடுகிறது. அற்புதத்தை நீக்கியதால்தான் அந்த அடி அத்தனை பலமாக விழுகிறது. எனவே, ஆகும்.

ஆனால் அற்புதத்தை நீக்குவதே அறிவு என்று நான் நினைக்கவில்லை. சபையில் திரௌபதிக்கு ஆடை வளர்ந்ததை வெறும் விவரமாக விளக்கிவிட்டால், அந்தக் காட்சியைக் கேட்டு ஆயிரம் வருடம் அழுத மக்களின் மனம் எங்கே போகும்? நல்ல ஆசிரியர்கள் அற்புதத்தை நீக்கினால், அதே கனமுள்ள வேறொன்றை அந்த இடத்தில் வைக்கிறார்கள்.

பக்தியோடு வாசிப்பவர்களுக்கு இவை மனவருத்தம் தராதா?

சிலருக்குத் தரும். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். இராமன் ஒருவருக்கு வழிபடும் தெய்வம், இன்னொருவருக்கு நாவலின் பாத்திரம். இரண்டு வாசிப்புக்கும் தேவைகள் வேறு. தினமும் பாராயணம் செய்யும் ஒருவரிடம் சாபவிமோசனத்தைக் கொடுத்து 'படித்தே ஆக வேண்டும்' என்று நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்வேன்: ஆழ்வார்களும் கம்பனும் வில்லியும் அளவற்ற பக்தியோடுதான் கதையை மாற்றினார்கள். கேள்வி கேட்பதும் பக்தியும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதற்குக் கம்பனின் வாலியைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

குழந்தைகளுக்கு?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு ராஜாஜி போதும். அதற்கும் சிறியவர்களுக்கு 1967-ல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை இன்றும் பயன்படும். அதில் கெட்டவர்கள் எப்போதும் ஒரே மாதிரி வரையப்பட்டிருப்பார்கள் என்பதை மட்டும் பெரியவர்கள் கூட உட்கார்ந்து பேசிவிட வேண்டும். நாவல்களுக்கு அவசரம் வேண்டாம்.

வியாச பாரதத்தை முழுதாகத் தமிழில் படிக்க வழி உண்டா?

உண்டு. ம. வீ. ராமானுஜாசாரியார் பெருமுயற்சியில் வெளிவந்த கும்பகோணம் பதிப்பு உரைநடையில் முழு மகாபாரதத்தையும் தருகிறது. நடை பழையது, பொறுமை வேண்டும். கிசாரி மோகன் கங்குலி 1883 முதல் 1896 வரை ஆங்கிலத்தில் கொண்டுவந்த மொழிபெயர்ப்பை செ. அருட்செல்வப்பேரரசன் தனி ஒருவராகத் தமிழாக்கி இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். ஒரு நாவலைப் படிக்கும்போது ஏதாவது ஒரு காட்சி உறுத்தினால், அந்தப் பகுதியை மட்டும் இவற்றில் எடுத்துப் பாருங்கள். நாவலாசிரியர் எங்கே கை வைத்தார் என்பது அப்போதுதான் புரியும்.

நானே எழுத ஆசைப்படுகிறேன். யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

வியாசர், வால்மீகி, கம்பன், வில்லிபுத்தூரார் யாருக்கும் காப்புரிமை கிடையாது. பாரதியின் எழுத்துகள் 1949-ல் நாட்டுடைமையாயின. இவற்றிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் இந்தியச் சட்டப்படி ஓர் ஆசிரியரின் எழுத்துக்கு அவர் வாழ்நாளும், இறந்த பின் 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு. மொழிபெயர்ப்புக்கும் உரைக்கும் தனி உரிமை உண்டு. அதனால் கம்பன் பாட்டை எடுக்கலாம், அதற்கு இன்றைய ஒருவர் எழுதிய உரையை அப்படியே எடுக்கக் கூடாது. பீமனைப் பற்றி யாரும் எழுதலாம். ஆனால் இன்னொரு நாவலாசிரியர் பீமனுக்காகக் கற்பனை செய்த காட்சியும் உரையாடலும் அவருடையவை. எது மரபிலிருந்து வந்தது, எது சென்ற தலைமுறை எழுத்தாளரின் கற்பனை என்று உங்களுக்கே சந்தேகம் வந்தால், கும்பகோணம் பதிப்பைப் புரட்டுங்கள். அங்கும் வில்லியிலும் கூத்து மரபிலும் இல்லாத ஒன்று என்றால், எழுதியவரிடமோ பதிப்பாளரிடமோ கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.